ஸ்மித் ஆத்தங்கரைல ஆர்வி கேம்பிங், போனவங்க கொஞ்சம் சொல்லுங்க

மக்களே, ஜூலைல கலிஃபோர்னியா வடகோடில இருக்கற ஜெடடையா ஸ்மித் ரெட்வுட்ஸ் பார்க்குக்கு ஆர்வி (உள்ளயே படுக்கை, சமையல் வசதி இருக்கற வண்டி) வாடகைக்கு எடுத்துட்டு போறோம், ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, டென்ட்ல தரையில படுத்து எந்திரிக்கறதெல்லாம் அம்மா முட்டிக்கு ஆகாது, அதான் ஆர்வி. சைட் புக் பண்ணியாச்சு. ஆனா அங்க வண்டிக்கு கரண்ட், தண்ணி கனெக்ஷன் (ஹூக்கப்) எதுவுமே கிடையாது. சின்ன வண்டிதான் எடுக்கறோம், ஆறு பேருக்கு டேங்க் தண்ணி மூணு நாள் தாங்குமா? அப்பாக்கு தூங்கும்போது சிபாப் மெஷின் (மூச்சு தடைபடாம இருக்க மாஸ்க் வழியா காத்து அடிக்கறது) வேணும், ராத்திரில ஜெனரேட்டர் போட விடமாட்டாங்க, வெறும் பேட்டரில ஓட்டினவங்க யாராச்சும் இருக்கீங்களா? இதான் பெரிய கவலை.

அப்புறம் பார்க்குக்குள்ள இருக்கற ஸ்டவுட் குரோவ்ங்கற ரெட்வுட் மரத்தோப்பு. அங்க போற ஹவ்லண்ட் ஹில் ரோடு மண் ரோடு, குறுகல் வேற, ஆர்வில வராதீங்கன்னு பார்க்லயே சொல்றாங்க. கோடைல கேம்ப்லேர்ந்து ஆத்தைத் தாண்ட தற்காலிகமா நடைபாலம் போடுவாங்களாமே, முட்டி வலிக்காரங்க மெதுவா நடந்துரலாமா?

அணையே கட்டாத ஆறு, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும்ங்கறாங்க, பசங்க இறங்கலாமா இல்ல ரொம்ப ஜில்லுனு இருக்குமா? கரடி இருக்கற காடு, சாப்பாட்டை லாக்கர்ல வச்சு பூட்டணும்னு சொன்னதுலேர்ந்து அம்மா புளியோதரையே வேணாம்ங்கறாங்க 😄