ஆமிஷ் அறுவடையும் குதிரைகளும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கொலம்பஸ்காரன்
அமெரிக்காவில் ஓஹையோ, ஹோம்ஸ் கவுண்டி. குதிரை வைத்துப் பழைய முறையில் விவசாயம் செய்யும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் வாழும் பகுதி. ஜூலைக் கடைசி, சனிக்கிழமை. அக்கம்பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் சேர்ந்து ஒவ்வொரு பண்ணையாகக் கோதுமை அடித்துக்கொண்டு போவார்களே, அந்த வேலை. பால் வாங்கிப் பழகிய குடும்பம் என்பதால் வேலியோரம் நிற்க விட்டார்கள். மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது, வயலில் பாதிக் கட்டு அப்படியே நிற்கிறது. பெரியவர் ஒருவர் திடீரென்று வண்டியை நிறுத்தினார். இடது பக்கத்து பெல்ஜியன் (பாரம் இழுக்கும் பெரிய இனம்) குதிரையின் கழுத்துப் பட்டைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துத் தோளைத் தடவினார். கையை எடுத்தால் வியர்வையோடு முடி ஒட்டியிருந்தது. தோல் லேசாக உரிந்திருக்கிறது, அவ்வளவுதான். குதிரையை அவிழ்த்துவிட்டார்கள். மாற்றுக் குதிரை வரும்வரை அத்தனை பேரும் காத்து நின்றார்கள். தூறல் விழுந்தது. வயல்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் தாத்தா வீட்டு உழவு மாட்டுக்கு நுகத்தடி உராய்ந்து கழுத்தில் புண் இருக்கும். வேப்பெண்ணெய் தடவி மறுநாளும் பூட்டுவார்கள். வீடு வந்து சேரும்வரை அந்த மாடுதான் நினைப்பில் இருந்தது.

லங்காஸ்டர்வாசி
கருணை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. தோள் புண்ணாகிவிட்டால் ஆறும்வரை அந்தக் குதிரையைப் பூட்ட முடியாது. சீசனில் அது பெரிய அடி. கணக்கும் அதில் இருக்கிறது.

எங்கள் பென்சில்வேனியா பக்கம் வயலில் நிறைய கோவேறு கழுதைகள். செப்டம்பரில் மக்காச்சோளத்தைப் பச்சையாக வெட்டி சைலோவில், அதாவது மாட்டுத் தீவனம் சேமிக்கும் உயரமான கோபுரத்தில், நிரப்புவதைப் பார்த்தேன். சைலோ அடியில் மெஷின் காதைப் பிளக்கிறது, இரும்புச் சக்கர டிராக்டரிலிருந்து பெல்ட் ஓடுகிறது. சின்னப் பையன் ஒருவன் பாரவண்டியை அதன் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தினான். கழுதைகளின் காது மட்டும்தான் அசைந்தது. அவன் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகன் மேல் அப்படி ஒரு நம்பிக்கை!

டெட்ராய்ட் சிவா
இந்தியானாவில் வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்றின் பின்னால் வெகுதூரம் போனேன். மேலே உட்கார்ந்திருந்த பெண் குழந்தைகள் கையசைத்தார்கள். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். மேடு ஏறி இறங்கும் ரோட்டில் வேகத்தைக் குறையுங்கள். குதிரை வண்டியின் பின்னால் மாட்டியிருக்கும் ஆரஞ்சு முக்கோணம் கண்ணில் பட்ட பிறகு பிரேக் போட்டால் சமயத்தில் பத்தாது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று வயல் வேலை கிடையாது. கேமராவை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், போட்டோவுக்கு நிற்பது அவர்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாதது. டிரோன் வேண்டவே வேண்டாம். குதிரைக்குக் கண்ணோரம் மறைப்புப் போட்டிருப்பார்கள், பின்பக்கமாகப் போய்த் தொடாதீர்கள். உழவுக் குதிரைகளைக் கிட்டத்தில் பார்க்க ஆசை என்றால் ஹார்ஸ் ப்ரோக்ரஸ் டேஸ் கண்காட்சிக்குப் போங்கள். 1994 முதல் நடக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில், வருடத்துக்கு ஒரு ஊரில். அங்கே தாராளமாகக் கேள்வி கேட்கலாம். இன்னொன்று, எந்திரமே தொடமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். இன்ஜின் வைத்த பேலரை (வைக்கோலைக் கட்டாகக் கட்டும் எந்திரம்) குதிரைகள் இழுத்துப் போவதை நிறைய இடங்களில் பார்க்கலாம். எது கூடும், எது கூடாது என்பதை அந்தந்தச் சபைதான் முடிவு செய்கிறது.

கொலம்பஸ்காரன்
லங்காஸ்டர்வாசிக்கு: கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். குதிரை பக்கத்துப் பண்ணைக்காரருடையது. நனையப் போகிற கோதுமை வயல்காரருடையது. கட்டு நனைந்து கதிர் முளைத்துவிட்டால் மாவுக்கு ஆகாது. நஷ்டம் தன் தலையில் விழப்போகிறது என்று தெரிந்தும் அந்த மனுஷர் "இந்த ஒரு நடை முடியட்டுமே" என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

லங்காஸ்டர்வாசி
குதிரை வேறொருவருடையது என்று தெரியாமல் எழுதிவிட்டேன். நீங்கள் சொல்வது சரி. கோதுமை என்ன ஆனது?

கொலம்பஸ்காரன்
பெரிய மழை இல்லை. மறுநாள் ஞாயிறு, யாரும் தொடவில்லை. திங்களும் செவ்வாயும் நல்ல வெயில். காயவைத்து அடித்துவிட்டார்கள் என்று அடுத்த முறை பால் வாங்கப் போனபோது சொன்னார்கள்.