கிளைடர் இறக்கையில் ஜிக்ஜாக் டேப்: சொரசொரப்பு எப்படி இழுவையைக் குறைக்கும்?

கேள்வி: அஸ்தம்பட்டி பால்சா

வணக்கம். 2 மீட்டர் இறக்கை கொண்ட ஆர்.சி. (ரிமோட்டில் ஓட்டும்) கிளைடர் ஒன்றை நானே செய்து ஏற்காட்டில் பறக்க விடுகிறேன். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், தெரிந்தவரின் காபித் தோட்டச் சரிவில் நின்று கையால் வீசினாலே மேலேறிவிடும், மோட்டார் வேண்டாம். இறக்கையின் குறுக்குவெட்டு எஸ்டி7037 என்ற வடிவம். இறக்கையின் அகலம் உடம்போரம் 20 செ.மீ., நுனியில் 12. உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருக்கிறேன்.

வேகமாகப் போகும்போது குறையே இல்லை. மெதுவாக வட்டமடித்தால் மட்டும் மளமளவென்று உயரம் இழக்கிறது. பெரிய கிளைடர்களின் இறக்கையில் பல் பல்லாக வெட்டிய டேப் ஒட்டியிருப்பதைப் படங்களில் பார்த்தேன். இவ்வளவு தேய்த்த இறக்கையில் அதை ஒட்டலாமா? ஒட்டினால் எங்கே?

பதில்: சூரமங்கலம் லேத்

தம்பி, ஒட்டலாம். ஆனால் படத்தில் பார்த்த இடத்தில் ஒட்டாதீர்கள். உங்கள் இறக்கையில் காற்று எங்கே பரப்பை விட்டு விலகுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ரெனால்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள்: வேகம், இறக்கை அகலம், காற்றின் அடர்த்தி, பிசுபிசுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில், ஏற்காட்டு உயரத்தில், உடம்போரம் ஏறத்தாழ 90,000 வரும். நுனியில் 55,000கூட வராது. ஆள் ஏறும் கிளைடருக்கு இது பத்து லட்சத்துக்கு மேல். உங்கள் அளவில் இறக்கையை ஒட்டிய காற்று வரிச்சீராகவே, அதாவது கலங்காமல் அடுக்கடுக்காகவே, நெடுந்தூரம் போகும். கேட்க நல்லதாகத் தெரியும், ஆனால் சிக்கலே அதுதான். இறக்கையின் தடித்த பகுதியைத் தாண்டியதும் அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. மேற்பரப்பை ஒட்டி ஊர்ந்து வரும் காற்றுக்கு அதை எதிர்த்துப் போகத் தெம்பில்லை. வேகம் இழந்த சைக்கிள் மேட்டில் நின்றுவிடுவது போல நின்று, பரப்பை விட்டு எழும்பிவிடுகிறது. அடியில் ஒரு குமிழி உருவாகிறது. அந்தக் குமிழிதான் உங்கள் கிளைடரைப் பின்னுக்கு இழுக்கும் இழுவை.

அதற்குச் சற்று முன்னால் டேப் ஒட்டினால் ஓட்டம் அங்கேயே கலங்கிய கொந்தளிப்பு ஓட்டமாகிவிடும். மேலே வேகமாகப் போகும் காற்று கீழே கலந்து, பரப்பை ஒட்டியே பின்விளிம்பு வரை போகும். உராய்வு கொஞ்சம் கூடும். குமிழியால் வந்த இழுவை அதைவிட அதிகமாகக் குறையும். 1914-லேயே ஜெர்மனியில் லுட்விக் பிராண்டல் ஓர் உருண்டையின் முன்பக்கம் மெல்லிய கம்பி வளையம் பொருத்திக் காற்றுச் சுரங்கத்தில் காட்டினார்: வளையம் போட்ட பிறகு இழுவை குறைந்தது. நான் முதன்முதலில் இதைப் படித்தபோது நம்பவே இல்லை, அவ்வளவு அழகான சோதனை.

சரி, இடம் கண்டுபிடிப்பது. பைக்கில் வடித்த கருப்பு என்ஜின் ஆயிலை இறக்கையின் மேல்பக்கம் மெலிதாகப் பூசுங்கள். நீங்கள் வட்டமடிக்கும் அதே மெதுவான வேகத்தில் சில நிமிடம் பறக்கவிட்டு இறக்குங்கள். விலகும் இடத்தில் ஆயில் கோடாகத் தேங்கி நிற்கும். அதற்குப் பின்னால் ஆயில் நகராத பட்டைதான் குமிழி.

இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, டெய்லர்கள் சாம்பிள் துணி வெட்டும் ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டினால் போதும். அரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

பதில்: காற்றுமானி

மேலே சொன்னது சரி. அதற்கு முன் அய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்) கீல் இடுக்கைப் பாருங்கள். அது திறந்திருந்தால் கீழ்ப்பக்கத்துக் காற்று மேலே கசிந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மெல்லிய டேப்பால் மூடுங்கள்.

இன்னொன்று, பனிமூட்டத்தில் பறக்கவிட்டு முடிவெடுக்காதீர்கள். முன்விளிம்பில் நீர்த்துளி உட்கார்ந்தால் ஓட்டம் அங்கேயே கலைந்துவிடும், ஆயில் சோதனை பொய் சொல்லும். பெரிய கிளைடர்களில் பூச்சி ஒட்டினாலே இந்தத் தொல்லை. போட்டிகளில் பறந்துகொண்டே நூல் கட்டிய துடைப்பானை இறக்கை நெடுக ஓட்டித் துடைக்கிறார்கள். ஏஎஸ்டபிள்யூ 27 போன்ற ஆள் ஏறும் கிளைடர்களில் டேப்புக்குப் பதிலாக, இறக்கையின் கீழ்ப்பக்கம் வரிசையாகப் போட்ட நுண்துளைகள் வழியே காற்றை ஊதுகிறார்கள். வேலை ஒன்றுதான்.

அஸ்தம்பட்டி பால்சா

ரொம்ப நன்றிங்க. வெயில் தெளிந்த நாளில் ஆயில் பூசிப் பார்த்தேன். நுனிப் பக்கம் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. தாண்டியதும் கோடு தெளிவாக விழுந்திருக்கிறது, பின்னால் அகலமான பட்டை. உடம்போரம் பட்டை மிக ஒல்லி. சேலத்தில் கீழே பறக்கவிட்டாலும் இதே இடம்தானா?

சூரமங்கலம் லேத்

பெரிய வித்தியாசம் வராது. ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. அதே எடையைத் தாங்க கிளைடர் கொஞ்சம் வேகமாகப் போகும், ஆகவே ரெனால்டு எண் 5 சதவீதம் போலத்தான் இறங்கும்.

நுனிப் பக்கத்துப் பாதி இறக்கைக்கு மட்டும், 4 செ.மீ.-இல் ஒட்டுங்கள். உடம்போரம் வேண்டாம், வேகமாகப் போகும்போது அங்கே குமிழி இன்னும் சுருங்கிவிடும், டேப் வெறும் உராய்வாகத்தான் நிற்கும். இடம் வலம் இரண்டிலும் ஸ்கேல் வைத்து ஒரே தூரத்தில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மெதுவான வேகத்தில் ஒரு பக்கம் சரியும். ஒட்டிய பிறகு மறுபடி ஆயில் பூசிப் பாருங்கள். பட்டை மறைந்திருந்தால் ஓர் அடுக்கை உரித்துவிட்டு இன்னொரு முறை. எவ்வளவு மெலிதான டேப்பில் பட்டை திரும்பாமல் இருக்கிறதோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.