புதுப்பிப்பு: கபடி ஆடும் தம்பிக்கு எந்த பெப்டைடு?

மன்னார்குடியில் கபடி ஆடும் என் தம்பிக்கு வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்க ஜிம்மில் சொன்ன நான்கு பெப்டைடு (சிறு புரதத் துணுக்கு) ஊசிகளில் எது நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். தஞ்சாவூரில் ஹார்மோன் டாக்டரைப் பார்த்துவிட்டோம்.

அந்த நான்கில் செர்மோரெலின், டெசாமோரெலின் இரண்டும் மூளை அனுப்பும் தூண்டல் ஹார்மோனைப் போலவே, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வேலை செய்பவை. ஜிஎச்ஆர்பி-6, இபாமோரெலின் வழி வேறு. பசி ஹார்மோனான கிரெலினின் ஏற்பியில் போய் ஒட்டுகின்றன. ஜிஎச்ஆர்பி-6 போட்டவர்களுக்கு அகோரப் பசி எடுப்பது அதனால்தான். இபாமோரெலினில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அவ்வளவாக ஏறாது. டெசாமோரெலினுக்கு 2010இல் அமெரிக்க அனுமதி கிடைத்ததுகூட எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்புக்குத்தான், தசை வளர்க்க இல்லை.

முக்கியமானது: நான்குமே வாடா (உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பு) தடைப்பட்டியலில் உள்ளவை. மாநில அணிக் கனவோடு இருப்பவனுக்கு இது எதற்கு? ஆழ்ந்த தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் தானாகவே நன்றாகச் சுரக்கும் என்றார் டாக்டர். சரி, ஊசி வேண்டாம் என்று தம்பியே முடிவெடுத்துவிட்டான்.