புதுப்பிப்பு: தம்பியைச் சில நாள் பார்த்துக்க இடம் கிடைச்சுதா?

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் இருக்கு, மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) உள்ள தம்பியை நான் தேறி வர்ற வரைக்கும் பணம் வாங்காம பாத்துக்கிற இடம் வேலூர் பக்கம் இருக்கான்னு கேட்டிருந்தேன். பலர் பதில் போட்டீங்க, நன்றி.

மத்திய அரசோட தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) வச்சிருக்கிற ‘சமர்த்’ திட்டம் (இப்போ ‘சமர்த்-கம்-கரௌண்டா’ன்னு பேரு) இதுக்குத்தான். அந்த அறக்கட்டளைக்கான 1999 சட்டத்துல வர்ற ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு மட்டும். பதிவான தொண்டு நிறுவனங்கள் நடத்துது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவுல கேட்டு மனு கொடுத்திருக்கேன். இடம் இன்னும் உறுதியாகல. யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), வருமானச் சான்று கையில வச்சுக்கிட்டுப் போங்க.

மாமியாருக்குப் பக்கவாதம்னு கேட்டிருந்த அக்கா, இது உங்களுக்குப் பொருந்தாது. முதியோர் உதவி எண் 14567ல பேசிப் பாருங்க. நடக்க முடியாதவங்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலமா பிசியோதெரபி வீட்டுக்கே வருது. ஆனா அது பாத்துக்கிற நமக்கு ஓய்வு இல்ல, அந்த அரை மணி நேரமும் நாமதான் பக்கத்துல நிக்கணும்.

ஆபரேஷனைத் தள்ள முடியாது. அதனால குடியாத்தத்துலேர்ந்து சித்தி வர்றாங்க. ஒரு தாள்ல எல்லாம் எழுதிக் கொடுத்துட்டேன்: வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்கு, களியை எவ்வளவு தளர்வா கரைக்கணும், ஸ்பூனை வாயோட இடது ஓரமா வைக்கணும், சாப்பிட்டதும் உடனே படுக்க வைக்கக் கூடாது. சென்டர் கிடைச்சாலும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க. மனுவுக்குப் பதில் வந்தா இங்கேயே போடறேன்.