புதுப்பிப்பு: பழைய செங்கல் புகைபோக்கியைச் சுத்தம் செய்தது

சாந்து உதிராமல் பழைய புகைபோக்கியின் வெளிப்புறக் கரியையும் பாசியையும் எப்படி எடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பிரஷர் வாஷர், ஆசிட் இரண்டையும் தொடவே இல்லை. செங்கற்களுக்கு நடுவே இடுக்கில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. சாவி முனையால் லேசாகக் கீறினாலே பொடியாகக் கொட்டுகிறது. ஆசிட் பட்டால் சுண்ணாம்பு கரைந்தே போகும். கம்பி பிரஷும் வேண்டாம், சூளையில் வெந்து இறுகிய செங்கல் மேல்தோலை அது சுரண்டிவிடும்.

முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்தேன். பாசியை மரச் சுரண்டியால் காய்ந்த நிலையிலேயே வழித்தேன். அப்புறம் செங்கலை நனைத்து, கொஞ்சம் மென்சோப்பு கலந்த நீரில் நார் பிரஷை முக்கி, கீழிருந்து மேலாகத் தேய்த்தேன். காய்ந்த செங்கலில் அழுக்குநீர் வழிந்தால் உறிஞ்சிக் கோடாக நின்றுவிடும், அதனால்தான் இந்த வரிசை. ஒரு சிறு பகுதி முடிந்ததும் உடனே அலசினேன்.

வெள்ளையாக உப்பு பூத்த இடங்களில் மட்டும் தண்ணீர் காட்டவில்லை. தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுப்பதே சரி.

கரி முழுதாகப் போகவில்லை, ஆழமாக ஊறியது மங்கலாகத் தெரிகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன். சாந்து ஓரங்கள் எங்கும் பெயரவில்லை, எனக்கு அதுதான் முக்கியம். ஏற்கெனவே உதிர்ந்திருந்த இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைக்கப் போகிறேன். சிமெண்ட் வைத்தால் ஈரம் இடுக்கு வழியாகப் போக முடியாமல் செங்கல் வழியாக வெளியேறி, செங்கலின் முகத்தை உரித்துவிடும்.