நோன்பு வைத்தும் எடை கூடுகிறது, வழி சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். சேலம் கோட்டைப் பகுதியில் இருக்கிறேன். ஊரெல்லாம் நோன்பு வைத்து இளைக்கிறது. நான் மட்டும் போன ரமலானில் 3 கிலோ கூடினேன்!

காரணம் தெரியாமல் இல்லை. 13 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் இருந்துவிட்டு, சூரியன் மறைந்து மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தோடு நிறுத்த முடிகிறதா? பள்ளிவாசல் கஞ்சியில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் இருக்கிறது. அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. ஆனால் வடையும் சமோசாவும் இல்லாத கஞ்சியை என் மாமியார் கஞ்சி என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து வரும் கணவர் கையில் தட்டுவடை செட் வேறு.

விடியுமுன் சாப்பிடும் சஹருக்குச் சோறும் குழம்பும் சாப்பிட்டால் 10 மணிக்கே பசிக்கிறது. கேழ்வரகுக் களி, முட்டை, சுண்டல் என்று மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எது மதியத் தொழுகையான லுஹர் தாண்டியும் தாங்கியது? நடைப்பயிற்சி தராவீஹுக்குப் பிறகு சரிவருமா? பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் சேலத்து வெயிலில் நடந்து பார்த்தேன். நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

ஏற்காட்டுக் காப்பிக்குப் பழகிய தலை இது. சஹரில் குடித்தால் தாகம், விட்டால் தலைவலி. அதற்கும் ஏதாவது சொல்லுங்கள். சர்க்கரை நோயோ மாத்திரையோ எனக்கு இல்லை.