மாதந்தோறும் திரும்பும் லைம் நோய்த் தொல்லைகள்: இது கிருமியின் சுழற்சிதானா?

கேள்வி: சுங்கை சிப்புட் அண்ணன்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மேற்படிப்புப் படித்த என் தங்கைக்கு, அங்கே உண்ணி கடித்துத் தொடையில் வட்டமாகப் பரவும் சிவந்த தடிப்பு தோன்றியது. லைம் நோய் என்று கண்டறிந்து டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், தடிப்பு மறைந்தது. மலேசியாவுக்குத் திரும்பி ஓராண்டுக்கு மேலாகியும் அவள் உடல் பழைய நிலைக்கு வரவில்லை. சில வாரங்கள் தமிழ்ப்பள்ளிக்குச் சென்று நன்றாகவே பாடம் நடத்துகிறாள். பிறகு அசதி, மூட்டுவலி, தூக்கமின்மை, சொல் மறத்தல் எல்லாம் ஒன்றாக வந்து படுக்க வைத்துவிடுகின்றன. கிருமிக்கு நான்கு வாரச் சுழற்சி உண்டென்றும், அதற்காகப் பல மாதங்கள் ஆன்டிபயாடிக் உட்கொள்ள வேண்டுமென்றும் இணையத்தில் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பாட்டியோ, பால்மரக் (ரப்பர்) காட்டில் தாம் பார்த்த முறைக்காய்ச்சல்தான் இது என்கிறார். எதை நம்புவது?

பதில்: தோட்ட மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

தம்பி, பாட்டியின் பேச்சை உடனே தள்ளிவிட வேண்டாம். முறை வைத்து வரும் காய்ச்சல் உண்மையிலேயே உண்டு. வைவாக்ஸ் மலேரியாவில் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறையும், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியாவில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஒட்டுண்ணி பெருகிச் சிவப்பணுக்களை உடைப்பதே அந்த முறைக்குக் காரணம். லைம் கிருமியின் உறவினமான, பொரேலியா என்னும் வகையைச் சேர்ந்த வேறு சில பாக்டீரியாக்கள் மீள்காய்ச்சல் என்னும் வேறொரு நோயைத் தருகின்றன: உடல் எதிர்க்கத் தொடங்கியதும் அவை தம் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொள்வதால், சில நாள் காய்ச்சல், ஏறத்தாழ ஒரு வாரம் ஓய்வு, மறுபடியும் காய்ச்சல் என்று போகும்.

லைம் நோய்க்கு அப்படி நாள்காட்டி பார்த்து வரும் முறை எதுவும் நிறுவப்படவில்லை. மருந்தே எடுக்காதவர்களுக்கு முழங்கால் வீங்கி, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இருந்து வடிந்து, பின்னர் மறுபடியும் வீங்குவது உண்டு; ஆயினும் அந்த இடைவெளி ஒரே சீராக இருப்பதில்லை. நான்கு வாரக் கணக்கு நோயாளிகளிடையே பரவிய நம்பிக்கை என்பதே என் கருத்து.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. அடுத்த முறை தொல்லை வரும்போது உடல் சுடுகிறதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் அதைப் பழைய நோயின் கணக்கில் எழுதிவிடாமல், மலேரியா, டெங்கி, எலிச்சிறுநீர்க் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் ஆகியவற்றுக்கு அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிற்றுண்ணிப் புழு கடித்து வரும் காய்ச்சலான ஸ்க்ரப் டைபஸ் நம் தோட்டங்களுக்குப் புதிதன்று. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் 1920களிலேயே அதை ஆராய்ந்தார்கள், 1948இல் குளோரம்பெனிக்கால் என்னும் ஆன்டிபயாடிக் அதைக் குணப்படுத்துவதையும் அங்கேதான் காட்டினார்கள்.

பதில்: தைப்பிங் அக்கா

ஜெர்மனியில் பணியாற்றியபோது எனக்கும் இந்நோய் வந்தது. சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதங்களுக்கு மேலும் அசதி, வலி, மந்தம் நீடித்தால் அதைச் சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க்குறித் தொகுப்பு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதன் காரணம் இன்னும் முழுமையாக விளங்கவில்லை. ஆனால் வலி பொய்யன்று, அதை உங்கள் தங்கையிடம் முதலில் சொல்லுங்கள்.

நான் தொல்லை வந்த தேதியை மட்டும் எழுதிக்கொண்டிருந்தவரை எனக்கும் மாதச் சுழற்சியே தெரிந்தது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் செய்த வேலை, தூங்கிய நேரம், மாதவிலக்கு ஆகியவற்றையும் சேர்த்து எழுதியபோது வேறொரு வடிவம் புலப்பட்டது. நன்றாக இருக்கும் நாளில், விட்டுப்போன வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உடல் விழுந்துவிடும். மாதவிலக்கை ஒட்டிய நாள்களில் அது இன்னும் கூடும். பள்ளியில் தேர்வுத்தாள் திருத்தும் வாரங்களையும் விளையாட்டுப் போட்டி நாள்களையும் உங்கள் தங்கை குறித்துப் பார்க்கட்டும்.

நீண்ட கால ஆன்டிபயாடிக்கைப் பற்றி ஐயத்துக்கு அதிக இடமில்லை. 2001இல் அமெரிக்காவில் 30 நாள் ஊசிமருந்தும் 60 நாள் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் இதேபோன்ற நெதர்லாந்து ஆய்வு ஒன்று வெளிவந்தது. இரண்டிலும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மருந்து எடுத்தவர்களைவிட, நீண்ட காலம் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் அதிகமாகத் தேறிவிடவில்லை. குடலும் ஈரலும் கெடுவதுதான் மிச்சமாகும்.

மறுமொழி: சுங்கை சிப்புட் அண்ணன்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. நாள்குறிப்பை இன்றே தொடங்கச் சொல்கிறேன். தனியார் ஆய்வகம் ஒன்றில் எடுத்த இரத்தச் சோதனையில் லைம் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) இன்னும் இருப்பதாக வந்திருக்கிறது. கிருமி உள்ளே இருக்கிறது என்று பொருளா?

பதில்: தோட்ட மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

அப்படிப் பொருளில்லை, தம்பி. எதிர்ப்பொருள் குணமான பிறகும் ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்கும். அதை மறுபடி மறுபடி சோதித்துப் பணத்தைச் செலவிட வேண்டாம். அந்தப் பணத்தில் தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். அவையும் இதே அசதியைத் தரும். முழங்கால் வீங்கினால் வீக்கம் இருக்கும்போதே ஈப்போவில் நிபுணரிடம் காட்டி, மூட்டுநீரை எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, மயக்கம் வந்து விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நாள்குறிப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.